முதலில் வண்டிக்கு அடியில் பார்

மணவாளக்குறிச்சி,
புரட்டாசி முதல் வாரம்.

அன்பு மக்களே,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய இரண்டு வண்டிகளின் படங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். இரண்டும் மாருதி சியாஸ். ஒன்று சாம்பல் நிறம், 2016 மாடல், 1.3 டீசல், டிஎன் 74 நம்பர், நம் கடற்கரை ஊரிலேயே ஓடியது, மீட்டரில் 96 ஆயிரம் கிலோமீட்டர். இன்னொன்று வெள்ளை, 2018 கடைசியில் எடுத்தது, 1.5 பெட்ரோல், திருநெல்வேலிக்காரர் ஒருவர் வைத்திருப்பது, 51 ஆயிரம். வெள்ளைக்கு விலை ஒரு லட்சம் கூடுதல். “டீசலா பெட்ரோலா மாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்டிருந்தாய்.

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியும். சொன்னால் நீ வாங்கியும் விடுவாய். ஆனால் அடுத்த எட்டு, பத்து வருஷம் அந்த வண்டியை ஓட்டப் போவது நீ. என் அக்காவையும் அத்தானையும் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போகப் போவது நீ. அதனால் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதை உன் கையில் தந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஃபோனில் சொன்னால் பாதி காற்றோடு போகும். எழுதினால் வண்டி பார்க்கப் போகும்போது கையில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் விஷயம். இன்ஜின் எது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்பது. நீ ஆறு வருஷமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறாய். அங்கே யாரும் இதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் ஊரில் கடல் இருக்கிறது. கெட்டுப்போன இன்ஜினைக் கழற்றி, பிரித்து, மறுபடி கட்டிவிடலாம். முப்பது வருஷமாக நான் செய்துவந்த வேலை அதுதான். துரு தின்ற உடம்பை என்னாலும் கட்ட முடியாது, வேறு யாராலும் முடியாது.

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், என் நண்பன் ஒருவனுக்கு நான்தான் ஒரு பழைய வண்டி பார்த்து வாங்கிக் கொடுத்தேன். கம்பெனியும் மாடலும் வேறு. இன்ஜின் சத்தம் கேட்டேன், ஆயில் பார்த்தேன், ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சுத்தம். “கண்ணை மூடிக்கிட்டு எடு” என்று சொன்னேன். மாசி மாதம், மண்டைக்காட்டுக் கொடைக்கு அவன் குடும்பத்தோடு போய்விட்டுத் திரும்பும்போது டயர் பஞ்சர். ராத்திரி பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டான். போய் ஜாக்கியை வைத்துச் சுற்றினேன். ஜாக்கி உயர்ந்தது, வண்டி உயரவில்லை. கறகறவென்று ஒரு சத்தம். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஜாக்கியின் தலை கதவுக்குக் கீழே இருக்கும் சில்லுக்குள் ஏறி நிற்கிறது. மேலே பெயின்ட் அழகாக இருக்க, உள்ளே தகடு அப்பளம்போல் ஆகிவிட்டிருந்தது. கையால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது. அவனுடைய இரண்டு பிள்ளைகள் அந்த ரோட்டோரத்தில் தூக்கக் கலக்கத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வண்டியில் அவர்களை ஏற்றி அனுப்பியவன் நான். அன்றைக்குப் பிறகு, யாருக்கு வண்டி பார்க்கப் போனாலும் முதலில் குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் பானெட்டைத் திறக்கிறேன்.

இங்கே ஏன் இப்படி என்றால், கடற்காற்றில் உப்பு இருக்கிறது. அது தகட்டின் மேல் படிந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. வெறும் தண்ணீரை விட உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் இரும்பு துருவாகிற வேலை பல மடங்கு வேகமாக நடக்கிறது. இன்னொன்று, நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவம். ஆனி, ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. வண்டியின் அடிப்பாகம் முழுதாகக் காய்ந்து கிடக்கிற மாதங்கள் இங்கே குறைவு.

நம் மண்ணைப் பற்றி உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நீ அள்ளி விளையாடிய கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் இருக்கின்றன. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து இந்த மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதைத் தேடி வந்தவர்களால்தான் நம் ஊரில் மணல் ஆலை வந்தது; இன்றைக்கு அது மத்திய அரசின் ஐஆர்இஎல். நீ பார்த்திருக்கும் வண்டியின் வெள்ளை நிறத்துக்குக் காரணமான டைட்டானியம் டை ஆக்சைடு, இல்மனைட்டிலிருந்தும் ரூட்டைலிலிருந்தும் எடுப்பது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் உள்ளே இருப்பது சிர்கோனியா. அதன் மூலப்பொருள் சிர்கான். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் சீரியம் இருக்கிறது; அது மோனசைட்டில் கிடைக்கிற உலோகம். காருக்கு வேண்டிய இத்தனை பொருளும் கிடக்கிற இதே கரையில்தான், அந்தக் காரைத் தின்கிற உப்பும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்கினால் நீ ஏமாற மாட்டாய்.

இனி எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஒரு டார்ச், ஒரு சின்ன காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், தரையில் விரிக்க ஒரு பழைய சாக்கு. இவ்வளவு போதும்.

டிக்கியைத் திற. பாயைத் தூக்கு. ஸ்டெப்னியை வெளியே எடு. சியாஸில் டிக்கி பெரியது, 510 லிட்டர். அதனால் இந்தக் கரையில் அதற்குள் என்னென்னவோ ஏற்றியிருப்பார்கள். ஐஸ் போட்ட மீன் பெட்டி ஏறியிருந்தால், அந்தத் தண்ணீர் ஸ்டெப்னிக் குழிக்குள்தான் வடிந்து நின்றிருக்கும். குழியின் அடியில் கையை வைத்துத் தடவு. சொரசொரப்பாக, பழுப்பாக ஒட்டினால் துரு. முகர்ந்தும் பார். சோப்புத் தண்ணீர் விட்டு எத்தனை முறை கழுவினாலும் மீன் தண்ணீரின் வாடை மூடின டிக்கியில் தெரிந்துவிடும்.

அடுத்தது நான்கு கதவுகளின் அடி ஓரம். அங்கே தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை அடைத்துக் கிடந்தால், தகடு உள்ளேயிருந்து அரிக்க ஆரம்பித்திருக்கும். பெயின்டில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறதா என்று பார். கொப்புளம் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று அர்த்தம். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார். தகட்டில் ஒட்டும், பட்டி போட்டு மூடிய இடத்தில் வழுக்கிக்கொண்டு விழும்.

பிறகு சாக்கை விரித்துப் படுத்து அடியில் பார். பிரேக் பைப், முன்பக்கம் இன்ஜினைத் தாங்குகிற சப்ஃபிரேம், சஸ்பென்ஷன் மேலே போய்ச் சேருகிற இடம், ஜாக்கி வைக்கிற சில். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் சில்லைத் தட்டிக்கொண்டே வா. நல்ல தகடு ‘டங்’ என்று ஒலிக்கும். போன தகடு ‘பொத்’ என்று சொல்லும். அடிப்பாகம் முழுக்கப் புதுசாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால் சந்தோஷப்படாதே. விற்கிற வாரத்தில் எதற்கு அடித்தார்கள் என்று கேள். துருவின் மேல் அடித்த கோட்டிங், ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்ததுபோல்.

இந்தச் சோதனையில் சாம்பல் நிற வண்டி தேறினால் மட்டும் அதன் இன்ஜினைப் பற்றிப் பேசலாம்.

சியாஸ் 2014 அக்டோபரில் வந்தது, 2025இல் தயாரிப்பு நின்றது. இடையில் நான்கு இன்ஜின்கள் மாறின. 1.4 பெட்ரோல், 1373 சிசி, 92 குதிரைத்திறன். 1.3 டீசல், 1248 சிசி, 90 குதிரைத்திறன். 2018 ஆகஸ்டில் முகம் மாற்றி வந்தபோது 1.5 பெட்ரோல், 1462 சிசி, 105 குதிரைத்திறன். 2019இல் மாருதியே உண்டாக்கிய 1.5 டீசல், 1498 சிசி, 95 குதிரைத்திறன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி கட்டாயமாவதற்குள் டீசல் இரண்டும் போய்விட்டன.

கடைசியில் சொன்ன 1.5 டீசல் ஓட்டுவதற்கு நல்ல இன்ஜின். ஆனால் ஒரு வருஷம்தான் கடையில் இருந்தது. ஓடுகிற எண்ணிக்கை குறைவு என்றால் பாகம் கிடைப்பதும், கை பழகிய மெக்கானிக் கிடைப்பதும் அரிது. யாராவது அதைக் காட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடு.

1.3 டீசலின் கதை அதற்கு நேர்மாறு. ஃபியட் கம்பெனி 2003இல் கொண்டுவந்த மல்டிஜெட் இன்ஜின் அது. 2007இல் ஸ்விஃப்டில் மாருதி அதை வைத்தது. பிறகு டிசையர், எர்டிகா, சியாஸ், டாடாவின் விஸ்டா, மான்சா, ஃபியட்டின் புன்ட்டோ, லீனியா என்று இந்த நாட்டில் அது ஏறாத வண்டி குறைவு. திங்கள் நகரில் எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். 200 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் 1,750 சுற்றிலேயே வந்துவிடும். ஐந்து பேரும் லக்கேஜும் ஏறி ஆரல்வாய்மொழி தாண்டி மதுரைக்குப் போகிற மாதிரி ஓட்டத்தில் அதன் அருமை தெரியும். 2015க்குப் பிறகு வந்ததில் எஸ்ஹெச்விஎஸ் என்ற சின்ன ஹைப்ரிட் ஏற்பாடும் உண்டு. சிக்னலில் இன்ஜின் தானே அணைந்து, கிளட்ச்சை மிதித்ததும் எழும். கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 28.09. நம் ரோட்டில் 20 எதிர்பார், மேலே வருவது லாபம்.

இத்தனை சொல்லிவிட்டு, உனக்கு அது வேண்டாம் என்று ஏன் சொல்லப் போகிறேன்? உன் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்.

ஊருக்கு வந்ததும் நீ வேலைக்குச் சேரப் போகிற பள்ளிக்கூடம் குளச்சல் பக்கம். போக வர 16 கிலோமீட்டர். மாதம் 22 நாளைக்கு 352. வாரம் ஒருமுறை நாகர்கோவில், போக வர 40 என்று வைத்தால் 160. அத்தானை மாதம் ஒருமுறை திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக 130. எல்லாம் சேர்த்து மாதம் ஏறக்குறைய 650, வருஷத்துக்கு 7,800 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தால் 520 லிட்டர். 102 ரூபாய் என்று போட்டால் 53,040. டீசல் 20 கொடுத்தால் 390 லிட்டர். 94 ரூபாய் என்று போட்டால் 36,660. வித்தியாசம் 16,380 ரூபாய், மாதத்துக்கு 1,365. அந்தச் சேமிப்பை ஒரு டர்போ வேலை வந்தால் இரண்டு மூன்று வருஷத்துக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளும். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவளாக நீ இருந்தால் நானே டீசலை எடுத்துக் கையில் தருவேன்.

பணத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எட்டு கிலோமீட்டர் ஓடி நிற்கிற டீசல் இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் அணைந்துவிடும். சூடு ஏறாத டீசலில் கரி அதிகம். அந்தக் கரி, புகையைத் திருப்பி இன்ஜினுக்குள் விடுகிற இஜிஆர் வால்வில் படியும், டர்போவின் உள்ளே திரும்புகிற சின்னச் சின்ன இதழ்களில் படியும். சியாஸில் இருப்பது அந்த இதழ்கள் உள்ள டர்போ. அவை இறுகிவிட்டால் பிக்கப் செத்துப்போகும். நீண்ட ரோட்டில் ஓட வேண்டிய குதிரையைத் தினம் வீட்டு முற்றத்திலேயே சுற்ற விட்டால் அது நோயாளியாகிவிடும். அதற்கு நேர்மாறாக, 1.5 பெட்ரோல் இந்தச் சின்ன ஓட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். டர்போ கிடையாது, டீசலைப் போல விலை கூடிய இன்ஜெக்டர் கிடையாது. 138 நியூட்டன் மீட்டர்தான் இழுவை, அதுவும் 4,400 சுற்றில். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துப் போட வேண்டும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஊர் ஊராக ஊர்ந்து போகிற திருவனந்தபுரம் ரோட்டில் உனக்கு வேகம் தேவையில்லை, நிதானம்தான் தேவை. இதே இன்ஜின் எர்டிகாவிலும் எக்ஸ்எல்-6இலும் பிரெஸ்ஸாவிலும் வந்திருக்கிறது. சியாஸ் தயாரிப்பு நின்றுபோனாலும் இன்ஜின் பாகத்துக்கு நீ அலைய வேண்டியிருக்காது. ஹெட்லைட், பம்பர், கண்ணாடி போன்ற சியாஸுக்கே உரிய பாகங்கள்தான் வருஷம் போகப் போக அரிதாகும். ஆகவே அவை உடையாமல் முழுசாக இருக்கிற வண்டியாகப் பார்.

1.4 பெட்ரோல் எங்காவது நல்ல உடம்போடு, விலை குறைத்துக் கிடைத்தால் அதையும் ஒதுக்காதே. 2018 வரை எர்டிகாவிலும் ஓடிய எளிய இன்ஜின் அது. திறன் கொஞ்சம் குறைவு, நம்பிக்கைக்குக் குறைவில்லை.

பெட்ரோலில் ஒரு எச்சரிக்கை உண்டு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2018 வண்டி அதற்கென்று செய்யப்பட்டதல்ல. எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். நான் 15 என்று கணக்குப் போட்டது அதையும் சேர்த்துத்தான். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கடற்கரையில் டேங்க்கைக் கால்வாசியில் வைத்து வாரக்கணக்கில் நிறுத்திப் போடாதே. வாங்கியதும் பெட்ரோல் ஹோஸ்களையும் ரப்பர் வளையங்களையும் ஒருமுறை பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுவோம்.

ஆக, வெள்ளை வண்டியா? அதற்கும் ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது. அது திருநெல்வேலி வண்டி. கடல் உப்பு படாதது என்பது அதன் பலம். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்துவிடாதே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி பெருகி வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷன் பக்கமும் தண்ணீர் நின்றது. அன்றைக்கு அந்த வண்டி எங்கே நின்றது என்பது எனக்குத் தெரிய வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்திலிருந்தும், 2015 டிசம்பருக்குப் பிறகு சென்னையிலிருந்தும் தண்ணீரில் முங்கிய வண்டிகள் துடைத்து மினுக்கி விற்பனைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழு. சாதாரணமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. சீட் நகரும் தண்டவாளத்தின் அடியில் டார்ச் அடி. சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால், அல்லது அவற்றை மட்டும் புதிதாக மாற்றியிருந்தால் காரணம் கேள். இந்தப் பெட்ரோல் மாடலிலும் ஹைப்ரிட் ஏற்பாடு உண்டு; அதற்கான லித்தியம் பேட்டரி முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் அடியில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்திருந்தால் முதல் அடி அதற்குத்தான். ஜன்னலை எல்லாம் மூடி, ஏசி போடாமல் ஐந்து நிமிஷம் உள்ளே உட்கார். ஈரத்துணி வாடை வந்தால் எழுந்து வந்துவிடு.

எந்த வண்டியானாலும் காலையில், நாம் போகும் வரை ஸ்டார்ட் பண்ணாமல் வைக்கச் சொல். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். டீசலில் முதல் இரண்டு மூன்று வினாடி சங்கிலி குலுங்குகிற சத்தம் கேட்டால், ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் டைமிங் செயின் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக, நிற்காமல் வந்தால் பெட்ரோலில் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு, டீசலில் இன்ஜெக்டரையும் சேர்த்துச் சந்தேகப்படு. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே கூலன்ட் மூடியைத் திறந்து உள்ளே பார். எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது.

மீட்டர் சொல்கிற கிலோமீட்டரை அப்படியே நம்பாதே. சர்வீஸ் ரெக்கார்டைக் கேள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 51 ஆயிரம் ஓடிய வண்டியில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் கணக்கு இடிக்கிறது.

இன்னொரு சோதனை உண்டு, அதை எந்த மெக்கானிக்கும் செய்ய மாட்டான். அத்தானைக் கூட்டிப் போ. அவருக்கு முட்டி வலி. பின்சீட்டில் அவராக ஏறி, உட்கார்ந்து, அவராக இறங்கட்டும். சியாஸில் கால் நீட்ட இடம் தாராளம். அந்த வண்டியைக் குடும்பங்கள் விரும்பியதற்குக் காரணமே அதுதான். ஆனால் சீட் தாழ்வானது. எழும்போது அவர் கதவைப் பிடித்துத் திணறினால், இன்ஜின் எத்தனை நன்றாக இருந்தாலும் அது உன் வீட்டுக்கான வண்டி இல்லை. உயரமான சீட் உள்ள வேறு வண்டி பார்ப்போம்.

காகித விஷயம் சுருக்கமாக. ஆர்சி புக்கில் எத்தனாவது ஓனர், பேங்க் கடன் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் செயலியில் பார். கடன் இருந்தால் பேங்க் கையெழுத்திட்ட ஃபாரம் 35 இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதே. பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேஎல் நம்பர் வண்டி நாற்பது, ஐம்பதாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அதற்கு அங்கிருந்து என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். குறைந்த விலை அதிலேயே கரைந்துவிடும். தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்கு. 2016 வண்டிக்கு 2031 வரை, 2018 வண்டிக்கு 2033 வரை. அதன் பிறகு எஃப்சி காட்டிப் பசுமை வரியோடு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. அந்த ஒரு லட்சம் வித்தியாசத்தில், துருவில்லாத உடம்போடு கூட இரண்டு வருஷமும் இருக்கிறது.

கையில் இருக்கிற பணம் முழுவதையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடாதே. ஐம்பதாயிரம் ஒதுக்கி வை. பழைய வண்டி வாங்கிய முதல் மூன்று மாதத்தில் டயரோ, பேட்டரியோ, சஸ்பென்ஷன் புஷ்ஷோ, பிரேக்கோ ஏதாவது கேட்கும். அப்போது கடன் வாங்கி ஓடாதே.

வாங்கிய பிறகு நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் பீய்ச்சிக் கழுவு. கதவடி ஓட்டைகளை மழைக்கு முன் ஒரு குச்சியால் குத்திச் சுத்தம் செய். ஈரத்தோடு கவர் போட்டு மூடாதே. கடலைப் பார்த்து நிறுத்தாதே; வீட்டின் கிழக்குப் பக்கம் நிழலில் நிறுத்து, மேல்காற்றை வீடு தாங்கிக்கொள்ளும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்று.

ஒரே வார்த்தையில் கேட்டாயே, இப்போது சொல்கிறேன்: பெட்ரோல். திருநெல்வேலி வெள்ளை வண்டி தண்ணீரில் முங்காதது என்று உன் கண்ணுக்குத் தெரிந்தால் அதை எடு. தெரியாவிட்டால் இரண்டையும் விட்டுவிடு. விற்பதற்கு வண்டி எப்போதும் இருக்கும்.

சரஸ்வதி பூஜை லீவுக்கு நீ வந்த மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்படுவோம். நானும் கூட வருகிறேன். ஆனால் நான் வாய் திறக்க மாட்டேன். நீதான் பார்க்க வேண்டும், நீதான் கேட்க வேண்டும். சாக்கை விரித்து நீ முதலில் அடியில் குனிந்து பார். பானெட்டை அதற்குப் பிறகு திறக்கலாம்.

அன்புடன்,
மாமா